அடுத்து வருபவர் படிக்க வேண்டும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை பொறியியல் முடித்துவிட்டு மென்பொருள் வேலைக்குப் போவது இன்று செய்தியே அல்ல. பிள்ளையார்பாளையத்தில் அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருக்க, ஒரு பிள்ளை செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ரயிலேறுகிறார். இன்னொரு பிள்ளை ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் போகிறார். பட்டுக் கூலி கட்டுப்படியாகாத வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல். அதை யாரும் குறை சொல்ல முடியாது. என் கவலை வேறு. இந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம்? ஜாவா, பைத்தான், மூன்றே மாதத்தில் ‘ஃபுல் ஸ்டாக்’ என்று தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. மொழியைக் கற்றுத் தருகிறார்கள். வேலைப் பழக்கங்களைக் கற்றுத் தருவதில்லை.

பல ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களோடு உட்கார்ந்து வேலை பழக்குவது என் வேலையின் ஒரு பகுதி. அவர்கள் தடுக்கி விழுவது ஜாவாவில் அல்ல. பிழைச் செய்தியைப் படிப்பதில், செய்த மாற்றத்தை எழுதிவைப்பதில், தெரியாததைத் தெரியாது என்று கேட்பதில் விழுகிறார்கள். இதெல்லாம் பாடத்திட்டத்தில் இல்லை. ஆனால் ஒருவர் இந்தத் தொழிலில் நிலைப்பாரா, இரண்டே ஆண்டில் மனம் வெறுத்து ஒதுங்குவாரா என்பதை இவைதான் தீர்மானிக்கின்றன.

மென்பொருள் வேலை என்றால் நாள் முழுக்க விசைப்பலகையைத் தட்டுவது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தட்டும் நேரம் கொஞ்சம்தான். பெரும்பாலான நேரம் படிப்பதிலேயே போகிறது: வேறு யாரோ, எப்போதோ, என்ன அவசரத்திலோ எழுதிவிட்டுப் போன நிரலைப் படிப்பது. புதிதாக ஒரு வசதியைச் சேர்ப்பதென்றாலும், இருப்பது என்ன செய்கிறது என்று தெரியாமல் கை வைக்க முடியாது. எனவே முதலில் பழக வேண்டியது படிக்கத்தான்.

அதில் முதல் படி, பிழைச் செய்தி. ஓடிக்கொண்டிருந்த நிரல் நின்றுபோனால் திரையில் ஐம்பது வரி சிவப்பில் கொட்டும். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் பதற்றம் வந்துவிடுகிறது. ஆங்கிலம் என்பதாலேயே அது தனக்கான செய்தி அல்ல என்று முடிவு கட்டி, திரையை மூடிவிட்டு நிரலை மறுபடி ஓடவிடுகிறார். மறுபடியும் அதே ஐம்பது வரி. அப்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது இதுதான்: இந்த ஐம்பதில் பெரும்பாலானவை நீங்கள் எழுதாத நூலகங்களின் பெயர்கள், அவற்றை விட்டுவிடுங்கள். முதலில், என்ன நடந்தது என்று சொல்லும் வாக்கியத்தைப் படியுங்கள், ஏழெட்டுச் சொல்தான் இருக்கும். பிறகு, உங்கள் கோப்பின் பெயர் முதன்முதலாக எங்கே வருகிறது என்று தேடுங்கள். அதன் பக்கத்தில் ஒரு எண் இருக்கும். 142 என்று இருந்தால், 142-ஆம் வரிக்குப் போங்கள். வாடிக்கையாளரின் விவரம் இருக்கும் என்று நம்பி நீங்கள் கைநீட்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான் அது சொல்ல வருவது. ஒருமுறை இப்படிப் படித்துக் காட்டினால் போதும். அடுத்த வாரமே அந்தப் பிள்ளை தானாகப் படிக்கிறார். ஆங்கிலப் புலமை தேவைப்படவில்லை, பயம் விலகியதே போதுமானதாக இருந்தது. நான்கு ஆண்டுக் கல்லூரியில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க ஆளில்லாமல் போனதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

படிப்பது ஒரு பாதி. அடுத்தவர் படிக்கும்படி எழுதிவைப்பது மறுபாதி. இங்கேதான் நம் மாவட்டத்தின் பெரிய சொத்து ஒன்றை நாமே சரியாகப் பார்க்காமல் விட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. தேர்தல் முறை என்று பள்ளியில் படித்திருக்கிறோம், மேடைக்கு மேடை பெருமையும் பேசுகிறோம். ஆனால் அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919-இல், ஊர்ச்சபை ஒரு தீர்மானம் செய்து பொறித்தது. இரண்டே ஆண்டு கழித்து, 14-ஆம் ஆட்சியாண்டில், 921-இல், திருத்திய தீர்மானம் பொறிக்கப்பட்டது. முதல் தீர்மானத்தில் வாரிய உறுப்பினரின் வயது 30-க்கு மேல் 60-க்குள். இரண்டாவதில் 35-க்கு மேல் 70-க்குள். கணக்குக் காட்டாமல் விட்டவர்களும் அவர்களுடைய உறவினர்களும் எந்தெந்த உறவு வரை நிற்கக்கூடாது, ஓலையை எப்படிக் குடத்தில் இட வேண்டும், யார் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டாவதில் விரிவாக வருகிறது. எந்த ஆண்டு, எந்த அரச அதிகாரியின் முன்னிலையில், எதற்காக இந்த ஏற்பாடு என்று சொல்லி, கடைசியில் சபையின் கட்டளைப்படி இதை எழுதிய மத்தியஸ்தன் தன் பெயரையும் பொறித்திருக்கிறான்.

மென்பொருள் தொழிலில் இருக்கும் ஒருவர் இந்தச் சுவரின் முன் நின்றால் வியந்துபோவார். திருத்தம் வந்ததும் பழையதைச் செதுக்கி அழித்துவிடவில்லை. பழையது அப்படியே இருக்கிறது, புதியதும் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன மாறியது என்று தெரிகிறது. என்று மாறியது, யார் எழுதியது, ஏன் மாற்றியது என்று கேட்டால் பதில் அங்கேயே இருக்கிறது. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்ற கருவி இன்று உலகம் முழுக்க நிரலாளர்களின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அது கேட்பது இவற்றைத்தான். யார், எப்போது என்பதைக் கருவியே குறித்துக்கொள்ளும். ஏன் என்பதை மட்டும் நாம் எழுத வேண்டும். அதைத்தான் நம் பிள்ளைகள் எழுதுவதில்லை.

ஒரு மாற்றத்தின் குறிப்பைத் திறந்து பார்த்தால் ‘சரிசெய்தேன்’ என்று இருக்கும். அடுத்ததில் ‘மீண்டும் சரிசெய்தேன்’. மூன்றாவதில் ‘கடைசித் திருத்தம்’. ஆறு மாதம் கழித்து அதே இடத்தில் ஒரு கோளாறு வரும்போது இந்த மூன்று குறிப்பாலும் ஒரு பயனும் இல்லை. அதே மாற்றத்துக்கு இப்படி எழுதியிருக்கலாம்: ‘மாதத்தின் 31-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தவருக்கு அன்றைய ஒரு நாள் கூலி விடுபட்டது. எல்லா மாதத்துக்கும் 30 நாள் என்று கணக்கிட்டதால் வந்த பிழை. விடுப்புக் கணக்கை இன்னும் தொடவில்லை, அங்கும் இதே 30 இருக்கிறது.’ எழுத இரண்டு நிமிடம் ஆகும். கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். அடுத்து வருகிறவருக்கு ஒரு நாள் உழைப்பை அது மிச்சப்படுத்தும். அந்த அடுத்தவர் பெரும்பாலும் நாமாகவே இருப்போம். ஆறு மாதத்தில் நம் நிரலே நமக்கு அந்நியமாகிவிடும்.

எழுதிவைக்காததால் என்ன நடக்கும் என்பதற்கும் காஞ்சிபுரத்திலேயே சான்று இருக்கிறது. ஜக்கார்டு பெட்டி இங்கே வருவதற்கு முன்னால் தறியில் ‘அடை’ கட்டி நெய்தார்கள். எந்த இழை எப்போது எழ வேண்டும் என்ற முழு வடிவமும் அந்த நூல் கட்டிலேயே இருந்தது. கட்டத் தெரிந்தவர் கட்டினார், பக்கத்தில் இருந்து பார்த்தவர் கற்றார். ஜக்கார்டு வந்து அடை ஓய்ந்ததும், கட்டத் தெரிந்தவர்களோடு அந்த அறிவில் பெரும்பகுதியும் போய்விட்டது. பிற்காலத்தில் பழைய வடிவங்களை மீட்க நினைத்தவர்கள் பழம்புடவைகளைத் தேடி, துணியைப் பார்த்து, அது எப்படி நெய்யப்பட்டிருக்கும் என்று பின்னோக்கி ஊகிக்க வேண்டியிருந்தது. சென்னையில் ருக்மிணி தேவி 1937-இல் கலாக்ஷேத்திராவில் நெசவு மையம் தொடங்கிப் பாரம்பரிய வடிவங்களுக்கு உயிர் கொடுத்தது பெரிய தொண்டு. ஆனால் எத்தனை வடிவங்கள் அப்படி யார் கண்ணிலும் படாமலே போயிருக்கும்!

ஜக்கார்டைப் பற்றி எல்லோரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1804-இல் பிரான்சில் ஜோசப் மரி ஜக்கார்டு துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கினார், அதைப் பார்த்து சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு அட்டைகளைத் திட்டமிட்டார், 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹோலரித் துளை அட்டைகளைப் பயன்படுத்தினார், அங்கிருந்து கணினி வந்தது என்பார்கள். உண்மைதான். இதைச் சொல்லி நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கணினி இரத்தத்திலேயே ஊறியது என்று புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை. புகழ்ச்சியால் யாருக்கும் வேலை கைவராது. அட்டையைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. அட்டை அடிப்பவர் கிராப் தாளைப் பார்த்துத் துளை போடுகிறார். எந்த இழை எழ வேண்டும் என்று அட்டை துல்லியமாகச் சொல்லும். இந்த மயிலின் கழுத்தை ஏன் இப்படி வளைத்தார், இந்த இடத்தில் ஏன் இரண்டு ஊடை கூடுதல் என்று அது சொல்லாது. நிரலும் அப்படித்தான். அது செய்வதைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணம் தெரிந்தவர் வேறு நிறுவனத்துக்குப் போன அன்றைக்கு, ஒரு குழு முழுதும் பழம்புடவையை உற்றுப் பார்ப்பவர்களின் நிலைக்கு வந்துவிடுகிறது.

தறி வீட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் மட்டும் சொல்லாமலே இருக்கிறது. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டி, கஞ்சி தடவி, நான்கைந்து பேர் நின்று இழுத்துப் பிடித்து, அறுந்த இழைகளைத் தேடி முடிவதைப் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். தறிக்குப் போன பிறகு அறுந்தால் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்ததால்தான் அந்தக் காலை வேலை. அப்படியும் நெய்யும்போது ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அங்கேயே நிறுத்துகிறார். இன்னும் நான்கு விரற்கடை நெய்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதில்லை. நிரலில் இதைச் செய்வது எளிது, ஆனால் செய்கிறவர்கள் குறைவு. மூன்று நாள் தொடர்ந்து எழுதிவிட்டு நான்காம் நாள் முதன்முறையாக ஓடவிட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அப்போது நிரல் நின்றால், தப்பு மூன்று நாளில் எந்த வரியில் என்று யாரால் சொல்ல முடியும்? பத்து வரி எழுது, ஓடவிடு, சரியாக இருந்தால் குறிப்போடு பதிவு செய், பிறகு அடுத்த பத்து. இது வேகம் குறைந்த முறை போலத் தெரியும். வார முடிவில் கணக்குப் பார்த்தால் இதுதான் வேகம்.

இப்படிச் சிறிய சிறிய பதிவுகளாக வைத்திருப்பதில் இன்னொரு பெரும் வசதியும் உண்டு. போன மாதம் ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, இடையில் ஆயிரம் மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள பதிவை எடுத்து ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடினால் தப்பு பிந்திய பாதியில், ஓடாவிட்டால் முந்திய பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். பத்தே சோதனையில் ஆயிரத்தில் ஒன்றைப் பிடித்துவிடலாம். கிட் கருவியிலேயே இதற்கு ஒரு கட்டளை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பதிவும் தனித்து ஓடக்கூடியதாக இருந்தால்தான் இது நடக்கும்.

தவறு நேரும்போது ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்கிறது என்பதை எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். 2012 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலைத் தன் எட்டு சர்வர்களில் ஏற்ற வேண்டும். ஏழில்தான் ஏற்றினார்கள். விடுபட்ட எட்டாவதில், பல ஆண்டுகளாகப் பயனில்லாமல் கிடந்த பழைய நிரல் ஒன்று விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. 45 நிமிடத்தில் இழப்பு 40 கோடி டாலரைத் தாண்டியது. சந்தை திறப்பதற்கு முன்பே கணினி 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது என்று பிறகு நடந்த விசாரணையில் தெரியவந்தது. யாரும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஏற்றிய வேலையை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அங்கே இல்லை.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது வேறு மாதிரி. இரவு நேரத்தில் களைத்துப்போயிருந்த ஒரு பொறியாளர், ஒரு சர்வர் என்று நினைத்து இன்னொரு சர்வரின் தரவை அழித்துவிட்டார். பேக்கப்பிலிருந்து எடுக்கலாம் என்று போனால், வைத்திருந்த பல ஏற்பாடுகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த நகல் ஒன்று காப்பாற்றியது. நிறுவனம் நடந்ததை ஒளிக்கவில்லை, மீட்பு வேலையை நேரலையில் காட்டியது, விரிவான அறிக்கை வெளியிட்டது. அந்தப் பொறியாளரைப் பலியாக்கவில்லை. பேக்கப்பை அவ்வப்போது மீட்டுப் பார்த்துச் சோதிக்காத ஏற்பாட்டில்தான் குறை என்று ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத் தங்கள் பேக்கப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

நம் ஊரில் தறியில் குறை கண்டால் கூலியில் பிடித்தம். நூல் நைந்து வந்ததா, சாயம் சரியில்லையா என்று யாரும் கேட்பதில்லை. கடைசியில் கை வைத்தவர் தலையில் விழும். அதனால் நெசவாளர் குறையை மறைக்கப் பழகுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? இதே மனப்பான்மை நம் மென்பொருள் அலுவலகங்களிலும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘யார் செய்தது?’ என்பதுதான் கூட்டத்தின் முதல் கேள்வி. அந்தக் கேள்வி இருக்கும் அறையில் ஒரு புதிய ஊழியர் ‘சார், என் மாற்றத்தால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்’ என்று முதல் பத்து நிமிடத்தில் சொல்லவே மாட்டார். அந்தப் பத்து நிமிடம்தான் விலைமதிப்பில்லாதது. மேலாளர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: ‘எப்படி நடக்க முடிந்தது?’ என்று கேளுங்கள். ஆளைக் கேட்டால் பொய் வரும், வழியைக் கேட்டால் விவரம் வரும்.

வெள்ளிக்கிழமை மாலை புதிய நிரலை ஏற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பழைய விதி. 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பால் உலகெங்கும் 85 லட்சம் கணினிகள் முடங்கி விமானங்கள் நின்றதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதேபோல் நள்ளிரவுத் திருத்தமும் வேண்டாம். தூங்கி எழுந்தால் காலையில் கண்ணில் படும் பிழையை இரவு முழுக்க விழித்திருந்து தேடுவதை உழைப்பு என்று பாராட்டுவது எப்போது நிற்குமோ தெரியவில்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை எழுதித் தருகின்றன. இனி இந்தப் பழக்கங்கள் எதற்கு என்று மாணவர்கள் கேட்கிறார்கள். எழுதுவது எளிதாகிவிட்டது, படிப்பது எளிதாகவில்லை. முன்பு ஒரு நாளில் நூறு வரி வந்த இடத்தில் இப்போது ஆயிரம் வரி வருகிறது, அதை யாராவது படித்துப் பார்த்துப் பொறுப்பேற்க வேண்டும். கருவி தந்ததைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு வரிவரியாக விளக்க முடியாத எதையும் உங்கள் பெயரில் பதிவு செய்யாதீர்கள். உத்திரமேரூர் மத்தியஸ்தன் கடைசியில் தன் பெயரைப் பொறித்தது எழுதியதற்குத் தான் பொறுப்பு என்பதால்தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நாம் எழுதுவது நாம் நினைப்பதைவிட நீண்ட காலம் இருக்கும் என்பதையும் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள். பழைய கணினிகள் பலவற்றில் நேரம் என்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிக்கொண்டுவரும் நொடிகள். 32 பிட்டில் வைத்த அந்த எண்ணிக்கை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரம் காலை 8:44 மணிக்கு நிரம்பிவிடும். அதன் பிறகு அவை தேதியைத் தவறாகக் காட்டும். அந்த அளவை வைத்தவர்கள் தங்கள் நிரல் அவ்வளவு காலம் ஓடும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் காலத்தை இப்படி நீட்டிப் பார்ப்பது புதிதல்ல. 1979-க்குப் பிறகு 2019-இல் அத்திவரதர் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் காட்சி தந்தார். அடுத்தது 2059-இல். இன்று ஒரு மருத்துவமனைக்கோ கூட்டுறவு சங்கத்துக்கோ எழுதப்படும் நிரல் ஒன்று அதுவரை எங்காவது ஓடிக்கொண்டிருக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

காஞ்சிபுரத்தையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்த பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளிடம் ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். இறுதியாண்டு புராஜெக்ட் என்பது இன்று பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கும் பொருள். வாங்கியதைக் காட்டி மதிப்பெண் பெற்றதும் அது குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ உறங்கிவிடுகிறது. இதை மாற்றச் செலவு ஏதும் ஆகாது. இந்த ஆண்டு மாணவர்கள் செய்த புராஜெக்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படையுங்கள். புதிதாக எதையும் தொடங்கக் கூடாது, அதையே ஓடவைத்து, ஒரு குறையைத் திருத்தி, ஒரு வசதியைச் சேர்க்க வேண்டும் என்று விதியுங்கள். நெசவாளர் கூட்டுறவு சங்கத்தின் கூலிக் கணக்கு, ஊராட்சியின் குடிநீர் வரிப் பதிவு, கோயில் தேரோட்டத்தன்று பேருந்து விவரம் என்று உள்ளூருக்குப் பயன்படும் ஒன்றாக அது இருக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை உடனே போடாமல் நிறுத்திவையுங்கள். அடுத்த அணி அந்த நிரலைத் தங்கள் கணினியில் முதல் வாரத்திலேயே, முந்தைய அணிக்கு ஒரு போன்கூடச் செய்யாமல், குறிப்புகளை மட்டும் படித்து ஓடவைத்துவிட்டால் அந்தப் பாதியைக் கொடுங்கள்.